கொடுக்கில்லாத் தேனீயின் சுரப்பிகளைப் பிரித்தெடுத்து இராணியையும் வேலைக்காரத் தேனீயையும் ஒப்பிடுவது எப்படி

தேனீயின் உள்ளுறுப்புகளை அறுத்துப் பார்ப்பதற்கான கையேடுகள் பெரும்பாலும் ஏபிஸ் பேரினத்தைச் சேர்ந்த, கொட்டும் தேனீக்களை வைத்தே எழுதப்பட்டவை. அவற்றில் சொல்லியபடி கொடுக்கில்லாத் தேனீயின் வயிற்றை முதுகுப்புறமாகப் பிளந்தால், தேடி வந்த மெழுகுச் சுரப்பி முதல் வெட்டிலேயே சிதைந்துவிடும். ஏபிஸ் தேனீயின் மெழுகுச் சுரப்பிகள் வயிற்றின் அடிப்புறத் தகடுகளில் இருக்க, கொடுக்கில்லாத் தேனீக்களிலோ அவை முதுகுப்புறத் தகடுகளின் உட்பக்கத்தில் அமைந்துள்ளன. ஏபிஸ் வேலைக்காரத் தேனீயின் வயிற்று நுனிக்கருகே எளிதில் காணக்கூடிய, மணம் பரப்பும் நாசனோவ் சுரப்பியை இங்கே எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. இந்தக் குழுவில் அது இல்லை. ஆகவே ஏபிஸ் வரைபடத்தை ஓரமாக வைத்துவிட்டு, கொடுக்கில்லாத் தேனீயின் உடலை அதற்குரிய ஒழுங்கில் திறக்கும் முறையை இங்கே விளக்குகிறேன். ஸ்டீரியோ நுண்ணோக்கியைக் கையாளத் தெரிந்த, பூச்சியொன்றை ஏற்கெனவே ஒருமுறையாவது அறுத்துப் பார்த்த மாணவருக்கு இது போதுமானதாக இருக்கும்.

மெலிபோனினி என்னும் இந்தக் குழுவில் வெப்பமண்டலம் முழுவதிலும் 500-க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ளன. ஏறத்தாழ 2 மி.மீ. நீளமே உள்ள இனங்களும், ஏபிஸ் தேனீயைவிடப் பருத்த மெலிபோனா இனங்களும் இதில் அடங்கும். பயிற்சிக்கு மெலிபோனா கிடைத்தால் நல்லது. கொசுத்தேனீ என்று அழைக்கப்படும் டெட்ராகோனுலா போன்ற 4 மி.மீ. அளவிலான தேனீதான் கிடைக்கும் என்றால், தலையை அறுப்பதற்கு முன் சில வேலைக்காரத் தேனீக்களை வைத்துக் கையைப் பழக்கிக்கொள்ள வேண்டும். இராணியை முதல் பயிற்சிக்கு எடுக்கவே கூடாது.

எதை எதனோடு ஒப்பிடுவது

இராணியில் ஒரு சுரப்பி பெரிது, வேலைக்காரத் தேனீயில் சிறிது என்று எழுதிவிடுவது எளிது. ஆனால் வேலைக்காரத் தேனீயின் சுரப்பிகள் அதன் வாழ்நாளில் வளர்ந்து, உச்சம் அடைந்து, சுருங்கிப்போகின்றன. அடையில் அறைகளுக்கு உணவு நிரப்பும் இளம் தேனீயையும், மகரந்தம் சுமந்து திரும்பும் முதிர்ந்த தேனீயையும் ஒரே தட்டில் போட்டுச் சராசரி எடுத்தால், அந்தச் சராசரி எந்தத் தேனீயையும் குறிக்காது. இராணியின் நிலையும் அப்படியே: கலவி செய்யாத கன்னி இராணிக்கும், சூலகம் நிரம்பி வயிறு பருத்த, முட்டையிடும் இராணிக்கும் இடையே உள்ள சுரப்பி வேறுபாடு, சில உறுப்புகளில் இராணிக்கும் வேலைக்காரத் தேனீக்கும் இடையே உள்ள வேறுபாட்டுக்குச் சற்றும் குறைந்ததன்று. எனவே புதிதாக வெளிவந்த வேலைக்காரத் தேனீ, உணவு நிரப்பும் தேனீ, இரை தேடும் தேனீ, கன்னி இராணி, முட்டையிடும் இராணி என்று குறைந்தது ஐந்து குழுக்களாவது வேண்டும். ஆண் தேனீயையும் ஆறாவதாகச் சேர்த்துக்கொள்வது நல்லது. அது இராணி, வேலைக்காரத் தேனீ போன்ற சமூகப் பிரிவு அன்று, பாலினம்தான் என்றாலும், ஒரு சுரப்பி பெண் உடலுக்கே உரியதா அல்லது இனம் முழுவதற்கும் பொதுவானதா என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

எடுத்துக்கொண்ட இனத்தில் இராணி எவ்வாறு உருவாகிறது என்பதையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். அளவீட்டு முறை அதைப் பொறுத்தே அமையும். கொடுக்கில்லாத் தேனீக்கள் தம் புழுக்களுக்கு நாள்தோறும் ஊட்டுவதில்லை. வேலைக்காரத் தேனீக்கள் பல, ஒன்றன்பின் ஒன்றாக ஓர் அறையில் உணவைக் கக்கி நிரப்புகின்றன. இராணி அதன்மேல் முட்டையிட்டதும் அறை மூடப்படுகிறது. பெரும்பாலான பேரினங்களில், அடையின் ஓரத்தில் கட்டப்படும் பெரிய அறையில் கூடுதல் உணவைப் பெற்ற பெண் புழு இராணியாகிறது. பிரைசியோமெலிட்டாவில் அத்தகைய இராணி அறைகள் கட்டப்படுவதில்லை. புழு அருகிலுள்ள அறையைத் துளைத்து, அங்குள்ள உணவையும் உண்டு இராணியாக வளர்கிறது. மெலிபோனாவின் கதை வேறு. அதில் எல்லா அறைகளும் ஒரே அளவானவை. இரண்டு மரபணு இடங்களிலும் கலப்பு நிலையில் உள்ள (ஒவ்வொன்றிலும் இரு வேறு மரபணு வடிவங்களைக் கொண்ட) புழுக்களே இராணியாகும் தகுதி பெறுகின்றன என்றும், அதனால் பெண் புழுக்களில் அதிகபட்சம் 25 சதவீதம் இராணிகளாகலாம் என்றும் பிரேசில் நாட்டு மரபியலாளர் வார்விக் கெர் 1950-இல் முன்வைத்தார். அறுபது ஆண்டுகளுக்குப் பின், 2010-இல், மெலிபோனா பீச்சியை ஆராய்ந்தவர்கள், உணவு நிரப்பும் வேலைக்காரத் தேனீக்களின் உதட்டுச் சுரப்பியில் உள்ள ஜெரானியால் என்னும் பொருளைப் புழு உணவில் சேர்த்தபோது இராணிகளாக வளரும் புழுக்கள் அதிகரித்ததைக் காட்டினார்கள். ஆக, நாம் அளக்கப்போகும் சுரப்பிகளில் ஒன்றே சமூகப் பிரிவை உருவாக்குவதிலும் பங்கெடுக்கிறது.

இதனால் வரும் நடைமுறை விளைவு இதுதான். மெலிபோனாவில் கன்னி இராணியும் வேலைக்காரத் தேனீயும் ஏறத்தாழ ஒரே அளவுடையவை. இராணியின் தலை சிறுத்தும் இருக்கும். அங்கே சுரப்பி அளவுகளை நேரடியாக ஒப்பிட்டாலும் பெரிய பிழை நேராது. டெட்ராகோனுலா, டிரைகோனா, ஸ்காப்டோடிரைகோனா போன்றவற்றில் இராணி வேலைக்காரத் தேனீயைவிடத் தெளிவாகப் பெரியது. அங்கே உடல் அளவைக் கணக்கில் எடுக்காத எந்தச் சுரப்பி அளவும் பயனற்றது.

தேனீக்களைச் சேகரித்தல்

வயது தெரிந்த தேனீக்களைப் பெற, முதிர்ந்த அடையின் ஒரு துண்டைத் தனியே எடுத்து வளர்ப்பதே நம்பகமான வழி. புதிதாக மூடப்பட்ட அறைகள் மெழுகும் பிசினும் கலந்த செருமெனால் பழுப்பாக இருக்கும். புழு பட்டுக்கூடு நெய்த பின் வேலைக்காரத் தேனீக்கள் மேலுள்ள செருமெனைச் சுரண்டி எடுத்துவிடுவதால், முதிர்ந்த அறைகள் வெளிர்மஞ்சளாகத் தோன்றும். அத்தகைய துண்டை ஈரப்பதம் உள்ள பெட்டியில், 28 முதல் 30 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில் வைத்தால் தேனீக்கள் தாமே வெளிவரும். உடல் வெளிறிய நிலையில் வெளிவரும் இவற்றின் மார்பு முதுகில் ஒரு பொட்டு வண்ணம் வைத்து, நாள்தோறும் வண்ணத்தை மாற்றி, கூட்டுக்குள் திருப்பி விட வேண்டும்.

ஆனாலும் வயதை மட்டும் நம்புவதைவிட, பிடிக்கும் கணத்தில் தேனீ செய்துகொண்டிருந்த வேலையையும் குறித்துக்கொள்வதே சிறந்தது என்பது என் கருத்து. இனத்துக்கு இனம், கூட்டுக்குக் கூடு, பருவத்துக்குப் பருவம் பணி மாறும் வயது வேறுபடுகிறது. ஆனால் திறந்த அறைக்குள் தலையை நுழைத்து உணவு கக்கும் தேனீ எந்த வயதானாலும் உணவு நிரப்பும் தேனீயே. முதுகில் மெழுகுச் செதில் தெரியும் தேனீ மெழுகு சுரக்கும் நிலையில் உள்ளது. பின்காலில் மகரந்தம் ஒட்டியபடி வாயிலில் இறங்கும் தேனீ இரை தேடுவது. கண்ணால் கண்ட பணியும் வண்ணப் பொட்டு காட்டும் வயதும் சேர்ந்து இருந்தால், பின்னால் எழும் பெரும்பாலான ஐயங்களுக்கு விடை இருக்கும்.

கன்னி இராணியை, இராணி அறை கட்டும் இனங்களில், அடையோரத்துப் பெரிய அறையோடு எடுத்து வளர்க்கலாம். மெலிபோனாவில் தேவைக்கு மிகுதியாகவே கன்னி இராணிகள் தோன்றி, அவற்றுள் பெரும்பாலானவை வேலைக்காரத் தேனீக்களாலேயே கொல்லப்படுவதால், ஒன்றிரண்டை எடுப்பது கூட்டைப் பாதிக்காது. முட்டையிடும் இராணியின் நிலை வேறு. பெரும்பாலான இனங்களில் ஒரு கூட்டுக்கு அது ஒன்றே. எனவே வேறு காரணத்துக்காகப் பிரிக்கப்படும் அல்லது இராணி மாற்றப்படும் கூட்டிலிருந்து மட்டுமே அதை எடுப்பது முறை. பாதுகாக்கப்பட்ட பகுதியிலோ காட்டிலோ உள்ள கூடாயின் உரிய அனுமதி பெறாமல் தொடக்கூடாது.

அடையாளம் காண்பதில் குழப்பம் நேரும் இடம் கன்னி இராணிக்கும் ஆணுக்கும் இடையில்தான். இரண்டுக்குமே மகரந்தக் கூடை அமைந்த அகன்ற பின்கால் இல்லை. உணர்கொம்பின் கணுக்களை எண்ணுவதே முடிவான சோதனை: பெண்ணுக்கு 12, ஆணுக்கு 13.

அறுப்பதற்கான ஏற்பாடு

தேனீயை 4 டிகிரி வெப்பநிலையில் அல்லது பனிக்கட்டிமேல் சில நிமிடங்கள் வைத்தால் செயலிழக்கும். அசைவு முழுதும் நின்ற பிறகே தலையைத் துண்டிக்க வேண்டும். உறைகுளிரில் போட்டுக் கொல்வதைத் தவிர்க்கவும். உறையும்போது உருவாகும் பனிப்படிகங்கள் செல்களைக் கிழித்துவிடுவதால், வெளித்தோற்றம் நன்றாக இருந்தாலும் திசுவியல் சீவலில் (நுண்ணோக்கிக்காக மெல்லியதாக வெட்டிய திசுத் துண்டில்) ஒன்றும் தெரியாது.

கறுப்பு மெழுகு அல்லது கறுப்புச் சிலிக்கோன் ஊற்றிய சிறு தட்டே சிறந்தது. வெண்மையான, பாதி ஒளிபுகும் சுரப்பிகள் கறுப்புப் பின்னணியில்தான் தெரியும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 7.5 கிராம் சோடியம் குளோரைடு கரைத்த எளிய உப்புக் கரைசல் பொதுவான அறுவைக்குப் போதும். அதைக் குளிர வைத்துப் பயன்படுத்தினால் திசு சற்று நேரம் தாங்கும். உடல் முழுவதும் கரைசலில் மூழ்கியிருக்க வேண்டும்; கரைசல் குறைந்தால் சுரப்பிகள் காற்றுப்படும் இடத்தில் ஒட்டிச் சுருண்டுவிடும். கூர்நுனி இடுக்கி இரண்டு, கண் அறுவைக்குப் பயன்படும் நுண்கத்தரிக்கோல் ஒன்று, ஊசியைப் பிடியில் செருகிச் செய்த நெம்பி ஒன்று, பக்கவாட்டிலிருந்து தாழ்வாக விழும் குளிர்ந்த ஒளி ஆகியவை இருந்தால் போதும்.

ஆக்ஸிடிரைகோனா இனங்களை எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: இவற்றின் தலைச் சுரப்பில் ஃபார்மிக் அமிலம் உள்ளது, அது தோலைச் சுட்டுப் புண்ணாக்கும். கொடுக்கு இல்லை என்பதால் கையுறையும் வேண்டாம் என்று எண்ணிவிடக்கூடாது.

தலை

மிகுந்த நேரம் இங்கேதான் செலவாகும். தலையை முகம் மேல்நோக்கி இருக்குமாறு வைத்து, பின்துளை வழியாக ஒரு நுண்ணூசியைச் செருகித் தட்டில் நிறுத்த வேண்டும். உணர்கொம்புகளை அடியில் வெட்டிவிட்டு, கூட்டுக்கண்ணின் உள்விளிம்பை ஒட்டி இருபுறமும் மேலிருந்து கீழாக ஆழமில்லாத வெட்டுப் போட்டு, உச்சியில் இரண்டையும் இணைத்து, முகத் தகட்டை மேலிருந்து கீழ்நோக்கி மெல்ல உரிக்க வேண்டும். கத்தரிக்கோலின் உள்நுனி எப்போதும் கியூட்டிகிளை, அதாவது உடலின் கடினமான புறத்தோலை, ஒட்டியே செல்ல வேண்டும். ஒரு மயிரிழை ஆழமாகச் சென்றாலும் சுரப்பி நறுங்கிவிடும்.

திறந்ததும் முதலில் கண்ணில் படுவது சுரப்பியன்று, வெள்ளி போல் மின்னும் காற்றுப் பைகள். அவற்றை இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்த பின், மூளையின் முன்னும் பக்கங்களிலும் சுருண்டு கிடக்கும் வெண்ணிற இழைகள் தெரியும். ஹைப்போஃபாரின்ஜியல் சுரப்பி எனப்படும் தொண்டையடிச் சுரப்பி இதுவே. நடுவில் ஓடும் நாளத்தில் சிறு குமிழ்கள் நெருக்கமாகத் தொடுத்த பூச்சரம் போல் அமைந்திருக்கும் இது, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு உண்டு; வாயடித் தகட்டில் திறக்கிறது. இழையை நடுவில் பற்றி இழுக்காமல், மூளையோடு ஒட்டியுள்ள மூச்சுக்குழல் இழைகளை அறுத்து விடுவித்த பிறகு, நாளம் திறக்கும் இடத்தில் வெட்டி முழுமையாக எடுக்க வேண்டும்.

புழு உணவின் புரதப் பகுதியைத் தருவது இச்சுரப்பி என்பதால், உணவு நிரப்பும் தேனீக்களில் குமிழ்கள் பருத்துப் பால்வெண்மையாகவும், இரை தேடும் தேனீக்களில் பொதுவாகச் சுருங்கியும் காணப்படும். இராணியிடம் இதைத் தேடாமல் விட்டுவிடுவதுதான் ஏபிஸ் கையேடு பழக்கிவிடும் அடுத்த தவறு. ஏபிஸ் இராணியில் இது எச்சமாகவே உள்ளது, ஆணில் இல்லை. ஸ்காப்டோடிரைகோனா போஸ்டிகாவிலோ இராணி, வேலைக்காரத் தேனீ, ஆண் மூன்றிலும் இச்சுரப்பி இருப்பது மின்னணு நுண்ணோக்கி ஆய்வுகளால் தெரிந்துள்ளது. புழுவுக்கு உணவு தராத இராணியிலும் ஆணிலும் அது எதைச் சுரக்கிறது, எப்போது சுரக்கிறது என்பதே ஒப்பீட்டின் சுவையான பகுதி. ஆகவே இராணியில் அது இருக்கிறதா என்று பார்த்து நிறுத்தாமல், குமிழின் அளவையும் செல்லின் உள்ளமைப்பையும் வேலைக்காரத் தேனீயின் மூன்று நிலைகளோடும் வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது தாடைச் சுரப்பி. தாடையின் அடியில், கன்னப்பகுதியில் ஒட்டியிருக்கும் இது, சுரப்புச் செல்கள் போர்த்திய ஒரு சேமிப்புப் பை. தாடையை இடுக்கியால் பற்றி, அதன் மூட்டைச் சுற்றியுள்ள சவ்வை அறுத்து, தசைகளை வெட்டிவிட்டு மெல்ல வெளியே இழுத்தால் பையும் கூடவே வரும். சுரப்பைத் தனியே சேகரித்து வேதியியல் பகுப்பாய்வு செய்வதானால், பை கிழியாமல் தாடையோடு சேர்த்தே கரைப்பானில் இட வேண்டும். வேலைக்காரத் தேனீக்களில் இது தற்காப்புக்கும் எச்சரிக்கைக்கும் பயன்படுகிறது. ஸ்காப்டோடிரைகோனா போஸ்டிகா இராணியின் தலையிலிருந்து ஆவியாகும் பொருள்கள் வயதோடு மாறுகின்றன. ஆண்களை ஈர்க்கும் திறனும் வயதைப் பொறுத்ததே. கன்னி இராணியின் வயதைப் பதிவு செய்யாத தாடைச் சுரப்பி அளவீட்டை இதனால்தான் நான் நம்புவதில்லை.

தலையின் உதட்டுச் சுரப்பி மூளைக்குப் பின்புறம், பின்கன்னப் பகுதியில் நெருங்கி அடைந்திருக்கும் சிறு குமிழ்க் கூட்டம். முன்பக்கமாகத் திறந்த தலையில் மூளையை அகற்றிய பிறகே இது முழுமையாகத் தெரியும். அல்லது வேறொரு தலையைப் பின்புறமாகத் திறப்பது இன்னும் நல்லது. தொண்டையடிச் சுரப்பியோடு இதைக் குழப்பிக்கொள்வது வழக்கம்: அதன் குமிழ்கள் நீண்ட நாளத்தில் வரிசையாக இருக்கும், இதன் குமிழ்கள் கிளைத்த நாளங்களின் நுனியில் கொத்தாக இருக்கும்.

இந்த இரண்டையும் தாடைச் சுரப்பியையும் கலப்பின்றிப் பிரிக்க வேண்டியதன் தேவையை ஒரு நிகழ்வு நன்கு காட்டுகிறது. இரை இருக்கும் இடத்துக்குத் தோழிகளை அழைத்துச் செல்ல, கொடுக்கில்லாத் தேனீக்கள் சில வழிநெடுக மணப் புள்ளிகள் இடுகின்றன. 1950-களின் இறுதியில் தேனீ ஆய்வாளர் மார்ட்டின் லிண்டாவரும் கெரும் ஆராய்ந்த காலந்தொட்டு அந்த மணம் தாடைச் சுரப்பியிலிருந்தே வருகிறது என்று பாடநூல்கள் சொல்லிவந்தன. 2004-இல் டிரைகோனா ரிகர்சாவில் தாடைச் சுரப்பி, உதட்டுச் சுரப்பி ஆகிய இரண்டின் சாற்றையும் தனித்தனியே சோதித்தபோது, வழித்தடமாகத் தேனீக்கள் பின்தொடர்ந்தது உதட்டுச் சுரப்பியின் சாற்றையே. பின்னர் அதன் முதன்மைப் பொருள் ஹெக்ஸைல் டெகனோயேட் என்றும் கண்டறியப்பட்டது. இரை தேடும் தேனீக்களின் தலை உதட்டுச் சுரப்பியைக் கவனமாக அளக்க வேண்டியதற்கு இது போதிய காரணம்.

ஹார்மோன் பக்கம் ஆர்வமுள்ளவர்கள், மூளையைத் தூக்கும்போது உணவுக்குழலின் இருபுறமும் ஒட்டியுள்ள நீலம் கலந்த வெண்ணிற நுண்கோளங்களைக் கவனிக்கலாம். இளமை ஹார்மோனைச் சுரக்கும் கார்ப்போரா அல்லாட்டா இவை. மெலிபோனாவில் புழுப் பருவத்தின் பிற்பகுதியில் அந்த ஹார்மோனை வெளியிலிருந்து இட்டால் இராணிகள் உருவாகின்றன என்பதால், புழுக்களில் இவ்வுறுப்பின் பருமனை அளப்பது தனியே ஒரு நல்ல ஆய்வாகும்.

மார்பு

மார்பில் நமக்கு வேண்டியது உதட்டுச் சுரப்பியின் மார்புப் பகுதி ஒன்றே. முதுகு நடுக்கோட்டில் பிளந்து, பறப்புத் தசைகளை நார்நாராக அகற்றி அடிக்குச் சென்றால், உணவுக்குழலின் இருபுறமும் சுருண்ட மெல்லிய குழல்களாக அது கிடக்கும். தசையின் வெளிர்நிறத்தில் குழல்கள் மறைந்துவிடுவதால், மிகவும் நீர்த்த மெத்திலீன் நீலம் ஒரு சொட்டு விட்டுச் சில நிமிடங்கள் பொறுத்தால் வேறுபாடு தெரியும்.

வயிறு

வயிற்றை மல்லாத்தி, அடிப்புறம் மேலாக இருக்கும்படி ஊசியிட வேண்டும். முதுகுத் தகடும் அடித்தகடும் ஒன்றன்மேல் ஒன்று படியும் பக்கக் கோட்டில் இருபுறமும் வெட்டி, அடித்தகடுகளை ஒரு மூடியைப் போல் பின்னோக்கித் திறந்து நீக்கவும். குடலையும் தேன்பையையும் எடுத்த பின், முதுகுத் தகடுகள் உட்பக்கம் மேலாகத் தட்டில் கிடக்கும். நடுவில் ஓடும் இதயக்குழலையும் கொழுப்புத் திசுவையும் மென்மயிர்த் தூரிகையால் ஒற்றி எடுத்தால், தகட்டின் உட்பரப்பை ஒட்டிய மெழுகுச் சுரப்புப் படலம் தெரியும். தகடுகளுக்கு எண் கொடுக்கும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும்: தேனீயின் முதல் வயிற்று வளையம் மார்போடு இணைந்திருப்பதால், அதைச் சேர்த்து எண்ணுவோரும் சேர்க்காமல் எண்ணுவோரும் உண்டு. எந்த முறையில் எண்ணினீர்கள் என்பதை எழுதாவிட்டால் உங்கள் மூன்றாம் தகடு இன்னொருவருக்கு நான்காம் தகடாகிவிடும்.

மெழுகு சுரக்கும் வயதில் இப்படலத்தின் செல்கள் உயரமான தூண்களாக எழுந்து நிற்கும். சுரப்பு முடிந்த பின் தட்டையாகிவிடும். சீவலில் செல்லின் உயரத்தை அளந்தாலே வேலைக்காரத் தேனீயின் பணிநிலையை ஓரளவு ஊகிக்கலாம். சில இனங்களில் ஆண்களும் மெழுகு சுரக்கின்றன. இது ஏபிஸில் இல்லாத பண்பு. இராணியின் முதுகுத் தகடுகளின் கீழே வேறு வகைச் சுரப்பிகளைக் காணலாம்: ஒவ்வொரு சுரப்புச் செல்லுக்கும் தனி நுண்நாளம் இருக்கும், அவை கொத்துக்கொத்தாகத் தகடுகளின் ஓரச் சவ்வில் திறக்கும். பூச்சிகளின் சுரப்புச் செல்களை நுவாரோவும் கென்னடேயும் 1974-இல் வகுத்த முறைப்படி, நாளமின்றிக் கியூட்டிகிள் வழியே நேராகச் சுரக்கும் மெழுகுப் படலம் முதல் வகையையும், நாளம் கொண்ட இந்தச் செல்கள் மூன்றாம் வகையையும் சேர்ந்தவை. ஒரே இடத்தில் இருக்கின்றன என்பதற்காக இரண்டையும் ஒரே சுரப்பியின் வளர்ந்த நிலை, வளராத நிலை என்று எழுதிவிடக்கூடாது.

வயிற்று நுனியில், ஏபிஸில் செய்வதுபோல் கடைசி வளையத்தைப் பற்றி இழுத்துக் கொடுக்கு உறுப்பை வெளியே எடுக்கும் தந்திரம் பலிக்காது. இங்கே கொடுக்கு எச்சமாகச் சுருங்கியிருப்பதால், இழுத்தால் சுரப்பிகள் உள்ளேயே அறுந்து நிற்கும். கடைசி இரண்டு வளையங்களை ஒரு துண்டாக வெட்டியெடுத்து, தனிச் சொட்டுக் கரைசலில் வைத்துத் தசைகளை விலக்கிப் பார்க்க வேண்டும். டூஃபோர் சுரப்பியை இந்த எச்சக் கொடுக்கின் அடியில் தேடவும். இராணியில் அது தெளிவாக இருக்கும்; பல இனங்களின் வேலைக்காரத் தேனீக்களில் மிகச் சிறுத்தோ முற்றிலும் இல்லாமலோ போயிருக்கும். அதனால் ‘இல்லை’ என்று பதிவு செய்வதற்கு முன் அந்தத் துண்டு முழுவதையும் தொடர்ச் சீவலாக வெட்டிப் பார்த்திருக்க வேண்டும்.

சூலகம் சுரப்பியன்று, ஆனால் அதைப் பாராமல் சுரப்பிகளைப் புரிந்துகொள்ள முடியாது. ஏபிஸ் இராணியின் ஒவ்வொரு சூலகத்திலும் நூற்றுக்கும் மேற்பட்ட சூலகக் குழல்கள் இருக்க, கொடுக்கில்லாத் தேனீக்கள் பலவற்றில் இராணிக்கும் சரி, வேலைக்காரத் தேனீக்கும் சரி, சூலகத்துக்கு நான்கு குழல்களே. இராணியின் வயிறு பருப்பது குழல்களின் எண்ணிக்கையால் அன்று, அவை நீண்டு மடிந்து முட்டைகளால் நிரம்புவதால். பல இனங்களில் உணவு நிரப்பும் வயதில் வேலைக்காரத் தேனீக்களும், இராணி உண்பதற்கான முட்டைகளை இடுகின்றன. பிரைசியோமெலிட்டா வேரியாவிலோ கூட்டுப்புழுப் பருவத்திலேயே வேலைக்காரத் தேனீயின் சூலகம் சிதைந்துவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு தேனீயின் சூலக நிலையையும் சுரப்பி அளவோடு ஒரே வரியில் பதிய வேண்டும்.

முட்டையிடும் இராணியைத் திறக்கும்போது, வளையங்களுக்கு இடையிலுள்ள சவ்வு இழுபட்டு மெலிந்திருப்பதால், ஒரு சிறு கீறலே உள்ளிருப்பவற்றை வெளியே தள்ளிவிடும். கரைசலை நிறைய ஊற்றி, சவ்வில் மிகச் சிறிய திறப்பு ஒன்றைச் செய்து, அழுத்தம் தணியும் வரை காத்திருந்து பிறகே பக்கக் கோட்டு வெட்டைத் தொடங்க வேண்டும். கன்னி இராணி என்று எடுத்த தேனீ உண்மையில் அப்படித்தானா என்பதை விந்துகொள் பை சொல்லிவிடும். மூச்சுக்குழல் வலை போர்த்திய அந்தச் சிறு கோளத்தைக் கண்ணாடி வில்லையில் ஒரு சொட்டுக் கரைசலில் நசுக்கி, விந்தணுக்கள் உள்ளனவா என்று பார்த்தால் போதும்.

கால்களை எறிந்துவிட வேண்டாம். மெலிபோனா செமினிக்ராவில், உணவிருக்கும் இடத்தில் பதியும் காலடி மணம், பாத நுனிச் சுரப்பியின் பையிலிருந்து வருவதில்லை என்றும், நகங்களை உள்ளிழுக்கும் நாணைச் சூழ்ந்த சுரப்புத் திசுவிலிருந்தே வருகிறது என்றும் தெரியவந்துள்ளது. காலின் நீளவாட்டுச் சீவலில் மட்டுமே இவ்விரண்டையும் வேறுபடுத்த முடியும்.

பதப்படுத்தலும் சாயமும்

பொதுவான திசுவியலுக்கு பூவாங் கரைசல் இன்றும் நன்றாகவே பயன்படுகிறது: நிறைவுற்ற பிக்ரிக் அமிலக் கரைசல் 75 மில்லி, ஃபார்மலின் 25 மில்லி, பனி அசிட்டிக் அமிலம் 5 மில்லி. பிக்ரிக் அமிலம் உலர்ந்தால் வெடிக்கக்கூடியது. புட்டியின் விளிம்பில் படிகம் கட்ட விடக்கூடாது. பதப்படுத்திய திசுவை 70 சதவீத எத்தனாலில், மஞ்சள் நிறம் போகும் வரை மாற்றி மாற்றிக் கழுவவும். மின்னணு நுண்ணோக்கிக்கு 2.5 சதவீத குளூட்டரால்டிஹைடு தேவை.

பிரித்தெடுத்த சுரப்பிகளுக்கு மெழுகில் பதித்தாலும் போதும். கியூட்டிகிளோடு சேர்ந்த தகடு, கால், கொடுக்குத் துண்டு ஆகியவற்றைப் பிசினில் பதிப்பதே நல்லது. மெழுகில் பதித்தால் திசுவைச் சீவும் மைக்ரோடோம் கருவியின் கத்தி கியூட்டிகிளில் இடறித் திசுவைக் கிழிக்கும். ஹீமாடாக்ஸிலினும் இயோசினும் பொதுவான அமைப்பைக் காட்டும். பாதரச புரோமோபீனால் நீலம் புரதத்தையும், பாஸ் (PAS) சாயமுறை கூட்டுச் சர்க்கரைகளையும் காட்டும். கொழுப்புச் சுரப்பைத் தேடுவோர் எத்தனால் வழியாகத் திசுவைக் கொண்டுசென்றால் தேடும் பொருளே கரைந்துவிடும். தலை உதட்டுச் சுரப்பிக்கும் டூஃபோர் சுரப்பிக்கும் உறைநிலைச் சீவலில் சூடான் கறுப்பு இடுவதே வழி.

அளத்தலும் பதிதலும்

நுண்ணோக்கியின் ஒவ்வொரு உருப்பெருக்கத்துக்கும் அளவுகோல் வில்லையை வைத்துத் தனியே அளவு நிர்ணயம் செய்யவும். தொண்டையடிச் சுரப்பியில் ஒரு தேனீக்கு இருபது குமிழ்களையாவது, பெரியவற்றையே கண் தேடாமல், நாளத்தின் நெடுக இடம்விட்டு அளக்க வேண்டும். அளப்பவருக்கு அது எந்தக் குழுவைச் சேர்ந்த தேனீ என்று தெரியாதபடி வில்லைகளுக்குக் குறியெண் மட்டும் இடுவது அவசியம். பருத்த குமிழை எதிர்பார்க்கும் கண்ணுக்குப் பருத்த குமிழே தெரியும்.

உடல் அளவுக்குத் தலையின் அகலத்தை எடுத்துக்கொள்வது வழக்கம். ஆனால் மெலிபோனா இராணியின் தலை உடலோடு ஒப்பிடச் சிறுத்தது என்பதால், அங்கே தலை அகலத்தால் வகுத்தால் இராணியின் சுரப்பி இல்லாத பெருமை பெற்றுவிடும். மார்பின் அகலத்தையும் அளந்து இரண்டையும் வெளியிடுவதே நேர்மையானது. ஒரே கூட்டின் வேலைக்காரத் தேனீக்கள் உடன்பிறந்தவை. பெரும்பாலான இனங்களில் இராணி ஒரே ஆணோடு கலவி செய்வதால் அவற்றின் உறவு இன்னும் நெருக்கமானது. ஒரு கூட்டிலிருந்து முப்பது தேனீக்களை அளப்பதைவிட, ஆறு கூடுகளிலிருந்து ஐந்தைந்தாக அளப்பது கூடுதல் தகவல் தரும். புள்ளியியல் கணக்கிலும் கூட்டைத் தனிக் காரணியாகச் சேர்க்க வேண்டும்.

அறுத்து முடிந்த ஒவ்வொரு தேனீயின் இறக்கைகளையும் ஒரு பின்காலையும் கூட்டு எண், நாள், பணி, வயது எழுதிய சீட்டோடு 95 சதவீத எத்தனாலில் வைத்திருங்கள். அதே கூட்டிலிருந்து அறுக்கப்படாத சில வேலைக்காரத் தேனீக்களையும் ஊசியிட்டுச் சேர்த்து வைக்க வேண்டும். சிறு உருவ இனங்களின் வகைப்பாடு அடிக்கடி திருத்தப்படுவதால், பெயர் மாறும் நாளில் எந்த இனத்தின் சுரப்பியை அளந்தீர்கள் என்பதை அந்த மாதிரிகளைக் கொண்டே உறுதிசெய்ய முடியும்.